வேறு ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுக்கிறார்களா? கல்ச்சர் ரிப்போர்ட்டை வாங்காமல் கிளம்பாதீர்கள்

ஐசியூவில் நாள்கணக்கில் கிடந்தவரை 'பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்' என்று எழுதிக் கொடுக்கும்போது, கையில் கிடைப்பது இரண்டு பக்க டிஸ்சார்ஜ் சம்மரி. 'செப்சிஸ் (தொற்று உடம்பெங்கும் பாதித்த ஆபத்தான நிலை), ஆன்டிபயாடிக் கொடுக்கப்பட்டது' என்கிற மாதிரி ஒரு வரி இருக்கும். எந்தக் கிருமி, எந்த மருந்துக்கு அது மசியவில்லை என்பது இருக்காது. போய்ச் சேரும் இடத்தில் முதல் கேள்வியே 'கல்ச்சர் ரிப்போர்ட் எங்கே?' என்பதுதான். ரத்தம், சளி போன்றவற்றில் உள்ள கிருமியை லேபில் வளர்த்துப் பார்ப்பது கல்ச்சர்; எந்த மருந்துக்கு அது அடங்கும் என்று பார்ப்பது சென்சிடிவிட்டி. அது இல்லையென்றால் மறுபடி ரத்தம் எடுத்து, முடிவு வர இரண்டு மூன்று நாள் ஆகும். அதுவரை, ஏற்கெனவே பலிக்காத மருந்தே திரும்ப ஏறலாம். மெரோபெனம் என்ற வலுவான ஆன்டிபயாடிக்குக்கும் அடங்காத கிளெப்சியெல்லா என்ற கிருமி உடம்பில் இருப்பது தெரியாததால் நோயாளியைத் தனியாக வைக்கவும் மாட்டார்கள். பக்கத்துப் படுக்கைக்கும் அது தொற்றலாம்.

விதி இதுதான். இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002ஆம் ஆண்டு நடத்தை விதிகளில் 1.3.2: நோயாளியோ, அவர் அதிகாரம் கொடுத்த உதவியாளரோ கேட்டால் 72 மணி நேரத்துக்குள் ஆவணங்களைத் தர வேண்டும். உள்நோயாளி ஆவணங்களை 3 ஆண்டு வைத்திருக்கவும் வேண்டும். நோயாளி உரிமைச் சாசனம் என்று சுவரில் மாட்டியிருப்பதைக் காட்டி வாதாடுவதைவிட, மனுவில் இந்த எண்ணை எழுதுவது வேலைக்கு ஆகும்.

வாயால் கேட்பதில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். நர்ஸைக் கேட்டால் டாக்டரைக் கேட்கச் சொல்வார், டாக்டர் ரெக்கார்டு ரூமுக்கு அனுப்புவார், அங்கே 'சாயங்காலம் வாங்க' என்பார்கள். எழுத்தில் கேட்டிருந்தால்தான் 72 மணி நேரம் எப்போது தொடங்கியது என்று காட்ட முடியும். மனு நீளமாக வேண்டாம்: 'இன்ன தேதியில் சேர்ந்த இன்னாரின் எல்லா கல்ச்சர் மற்றும் சென்சிடிவிட்டி ரிப்போர்ட்டுகள், மருந்து சார்ட், கேஸ் ஷீட் ஆகியவற்றின் நகல்கள் தேவை, விதி 1.3.2.' இரண்டு பிரதி எடுத்து, உங்கள் பிரதியில் தேதியோடு சீல் வாங்குங்கள். சீல் போட மறுத்தால் சண்டை வேண்டாம். மின்னஞ்சலிலும் ஸ்பீட் போஸ்ட்டிலும் அனுப்பிவிடுங்கள்.

'கேஸ் ஷீட்' (அன்றாட சிகிச்சைக் குறிப்புகள்) என்ற சொல்லை விட்டுவிட்டால் சம்மரியையே மறுபடி அச்சடித்துக் கொடுத்து, கொடுத்தாயிற்று என்பார்கள்.

அடுத்த முட்டுக்கட்டை, 'நீங்கள் யார்?' நோயாளிக்கு நினைவிருக்கும்போதே ஒரு அதிகாரக் கடிதத்தில் கையெழுத்து வாங்கி வையுங்கள். வென்டிலேட்டரில் இருப்பவரிடம் கையெழுத்து கேட்கிற இடங்களும் உண்டு. அங்கே, ஆபரேஷன் சம்மதப் படிவத்தில் யார் கையெழுத்தை வாங்கினார்களோ அவர் பெயரிலேயே மனு கொடுங்கள். உடம்பை அறுக்கச் செல்லும் கையெழுத்து, நகல் வாங்க மட்டும் செல்லாதா?

'கல்ச்சர் எடுக்கவே இல்லை' என்று சொன்னால் பில்லைப் பாருங்கள். ஒவ்வொரு கல்ச்சருக்கும் தேதியோடு காசு வாங்கியிருப்பார்கள். பில்லில் எத்தனை வரியோ அத்தனை ரிப்போர்ட் வர வேண்டும். இன்சூரன்ஸ் கம்பெனிக்கு ஒரிஜினல் போய்விட்டது என்பதும் சாக்கே. நீங்கள் கேட்பது நகல். நகல் எடுக்கும் செலவைக் கொடுத்துவிடுங்கள்.

72 மணி நேரம் கடந்தும் வரவில்லையா? மாநில மருத்துவக் கவுன்சிலுக்கு எழுதலாம். ஆனால் கவுன்சிலின் பிடி டாக்டர் மேல்தான், ஆஸ்பத்திரி மேல் இல்லை. ஆஸ்பத்திரி பெயரில் கொடுத்த புகார் நகராது. சிகிச்சை கொடுத்த டாக்டரின் பெயரும் பதிவு எண்ணும் வேண்டும். பதிவு எண் மருந்துச் சீட்டில் இருக்கும். தமிழ்நாட்டில் தனியார் ஆஸ்பத்திரி மேல் புகார் என்றால் மாவட்ட நலப்பணிகள் இணை இயக்குநர் அலுவலகம். நுகர்வோர் ஆணையத்துக்குப் போக 2 ஆண்டு அவகாசம் உண்டு. காசு வாங்காத அரசு ஆஸ்பத்திரி மேல் அங்கே வழக்கு நிற்காது, அலைச்சல்தான் மிச்சம். அரசு ஆஸ்பத்திரி என்றால் தகவல் உரிமைச் சட்டத்தில் மனு போடுங்கள். வழக்கமான கெடு 30 நாள். நோயாளி உயிருக்குப் போராடுகிறார் என்றால் மனுவின் தலைப்பிலேயே அதை எழுதுங்கள், கெடு 48 மணி நேரம்.

ஆம்புலன்ஸ் வாசலில் நிற்கும்போது இதெல்லாம் நடக்காது, சரி. அப்போது வார்டு கம்ப்யூட்டர் திரையில் உள்ள ரிப்போர்ட்டையாவது போட்டோ எடுக்க விடச் சொல்லுங்கள். மருந்துப் பெயர்களுக்கு எதிரே எஸ், ஐ, ஆர் என்ற எழுத்துகள் தெளிவாகத் தெரிய வேண்டும். எஸ் என்றால் பலிக்கும், ஐ என்றால் இடைநிலை, ஆர் என்றால் அந்த மருந்து பலிக்காது. ரிப்போர்ட்டில் 'ப்ரிலிமினரி' (முதல்கட்டம்) என்று போட்டிருந்தால் இறுதி ரிப்போர்ட் இன்னும் வரவில்லை என்று பொருள். லேபின் போன் நம்பரையும் சாம்பிள் எண்ணையும் குறித்துக்கொண்டு, புது ஆஸ்பத்திரி டாக்டரையே நேராகப் பேசச் சொல்லுங்கள்.