செர்ரி இறால் குஞ்சுகள் ஏன் மறைந்துபோகின்றன?

வண்ணமீன் கடைகளில் செக்கச் சிவந்த நிறத்தில் விற்கப்படும் செர்ரி இறாலை வாங்கி வளர்ப்பவர்களில் பலர், சில வாரங்களிலேயே ஒரு பெண் இறாலின் வயிற்றடியில் முட்டைகளைப் பார்த்துவிடுகிறார்கள். அவை பொரிந்து, கடுகளவே உள்ள குஞ்சுகள் கண்ணாடியில் ஊர்வதையும் பார்த்து மகிழ்கிறார்கள். அடுத்த இரண்டு வாரங்களில் அந்தக் குஞ்சுகளில் ஒன்றுகூடக் கண்ணில் படுவதில்லை. பெரிய இறால்கள் நலமாக இருக்கக் குஞ்சுகள் மட்டும் மறைந்தால், ஏதோ நோய் தாக்கிவிட்டது என்று எண்ணி மருந்தைத் தேடுவதே வழக்கம். பெரும்பாலும் அங்கே நோய் எதுவும் இருப்பதில்லை. குஞ்சுக்கு இரண்டு கண்டங்கள் உண்டு: ஓட்டை மாற்றிப் பிழைப்பது ஒன்று, இருக்கும் இடத்திலேயே இரை கிடைப்பது மற்றொன்று. இவ்விரண்டையும் அது தாண்டிவிட்டால் வளர்ப்பவர் செய்வதற்கு அதிக வேலை இல்லை.

செர்ரி இறாலின் அறிவியல் பெயர் நியோகேரிடினா டேவிடி. கிழக்குச் சீனா, தைவான், கொரியா ஆகிய பகுதிகளின் ஓடைகளிலும் குளங்களிலும் வாழும் காட்டு வகை, ஒளி ஊடுருவும் பழுப்பு நிறம் கொண்டது. நாம் பார்க்கும் சிவப்பும் மஞ்சளும் நீலமும் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்து இனப்பெருக்கம் செய்து பெறப்பட்டவை. முழு வளர்ச்சியில் சுமார் மூன்று சென்டிமீட்டர் நீளமும் ஓரிரு ஆண்டு ஆயுளும் உடையது. வளர்ப்பவருக்கு இதில் ஒரு பெரிய வசதி உண்டு. பாசியைத் தின்பதற்காக வாங்கப்படும் அமானோ இறாலின் இளம் உயிரிகள் நீரில் மிதக்கும் லார்வாக்களாகப் பிறந்து, உப்பு நீரில் மட்டுமே வளர்கின்றன. அதனால் வீட்டு நன்னீர்த் தொட்டியில் அவை தப்புவதில்லை. செர்ரி இறாலோ லார்வாப் பருவத்தை முட்டைக்குள்ளேயே கடந்து, தாயின் அச்சாகவே வெளிவருகிறது.

இறாலின் ஓடு கைட்டின், புரதம் ஆகியவற்றால் ஆகி, கால்சியம் கார்பனேட்டால் கெட்டிப்பட்டது. அது வளராது, உள்ளே உடல் வளரும்போது ஓட்டைக் கழற்றியாக வேண்டும். பெரிய இறால் மூன்று நான்கு வாரங்களுக்கு ஒருமுறை தோலுரிக்கிறது என்றால், குஞ்சு சில நாட்களுக்கு ஒருமுறை உரிக்கிறது. தோலுரிப்பதற்கு முன் இறால் இரையைக் குறைத்துக்கொண்டு ஒதுங்கி நிற்கும். பழைய ஓட்டுக்கு அடியில் மென்மையான புதிய தோல் உருவாகிவிட்ட நிலையில், தலையை மூடிய ஓடும் வயிற்றுப்பகுதியும் சந்திக்கும் இடத்தில் முதுகுப் பக்கம் பிளவு விழுகிறது. உடலை வளைத்து ஒரே துள்ளலில் இறால் வெளியே வந்துவிடும். கவனித்துக்கொண்டிருந்தாலும் கண் தவறிவிடும் வேகம். கிடக்கும் கூட்டை உற்றுப் பார்த்தால், உணர்கொம்புகள், கால் நுனிகள், கண்ணை மூடிய படலம் என எல்லாமே அச்சுக் குலையாமல் இருக்கும். முன்குடலின் உள் உறைகூட அதோடு கழன்று வந்திருக்கும். புதிதாக வளர்ப்பவர்கள் இதைச் செத்த இறால் என்று நினைத்து எடுத்து எறிந்துவிடுகிறார்கள். எடுக்க வேண்டாம், அதிலுள்ள கனிமங்களுக்காக இறால்களே அதைத் தின்றுவிடும். செத்த இறாலின் உடல் ஒளி ஊடுருவாமல் வெளுத்தோ, வேகவைத்ததைப் போன்ற இளஞ்சிவப்பாகவோ மாறியிருக்கும். அதை உடனே அகற்ற வேண்டும்.

ஓட்டை விட்டு வெளிவந்த இறால் நீரை உறிஞ்சி உடலைப் பெரிதாக்கிக்கொண்ட பிறகு, புதிய தோலைக் கெட்டியாக்கத் தேவையான கால்சியத்தில் பெரும்பங்கைச் செவுள்கள் வழியாக நீரிலிருந்தே எடுக்கிறது. ஆகவே நீரின் கடினத்தன்மை இங்கே முதன்மை பெறுகிறது. இதை ஜி.எச். என்ற அளவில் குறிப்பார்கள். ஒரு டிகிரி என்பது லிட்டருக்கு 17.8 மில்லிகிராம் கால்சியம் கார்பனேட்டுக்குச் சமம். செர்ரி இறாலுக்கு 6 முதல் 10 டிகிரி வரை ஏற்றது. நம் வீடுகளில் சிக்கல் இரு முனைகளிலிருந்தும் வருகிறது. ஆர்.ஓ. தண்ணீரில் கடினத்தன்மை ஏறக்குறைய இல்லை. அதை மட்டும் ஊற்றிய தொட்டியில் தோலுரிப்பு தடைபடும். போர் தண்ணீரோ பல ஊர்களில் மிகக் கடினமானது. இந்தியக் குடிநீர்த் தரநிலை ஏற்கத்தக்கதாகக் குறிப்பிடும் 200 மில்லிகிராமே 11 டிகிரியைத் தாண்டுகிறது என்றால், அதைவிடப் பல மடங்கு கடினமான கிணறுகளைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. இரண்டையும் அளந்து கலப்பதே மலிவான வழி.

இங்கே டி.டி.எஸ். மீட்டரை மட்டும் நம்புவது ஆபத்து. அந்தக் கருவி நீரில் கரைந்த எல்லா உப்புகளையும் சேர்த்துக் காட்டுமே தவிர, அதில் கால்சியம் எவ்வளவு என்று பிரித்துச் சொல்லாது. அடுக்குமாடிக் குடியிருப்புகளில் வைக்கப்படும் சாஃப்ட்னர் கால்சியத்தையும் மக்னீசியத்தையும் பிடித்துக்கொண்டு சோடியத்தை நீரில் விடுகிறது. அந்தத் தண்ணீரில் மீட்டர் உயர்ந்த எண்ணைக் காட்டும். இறாலுக்கு வேண்டிய கனிமம் மட்டும் இருக்காது. சொட்டு மருந்து வடிவில் கிடைக்கும் ஜி.எச். சோதனைப் பொருளை வாங்குவதில் கஞ்சத்தனம் பார்க்கக் கூடாது என்பது என் கருத்து.

தோலுரிப்பு தோற்கும்போது தலையோட்டுக்கும் வயிற்றுக்கும் இடையே உடலைச் சுற்றி ஒரு வெள்ளை வளையம் தெரியும். ஓடு முதுகில் மட்டும் பிளவாமல் சுற்றிலும் பிளந்துவிட, துள்ளி வெளியேறப் பிடிப்பு இல்லாமல் இறால் மாட்டிக்கொள்கிறது. அந்த நிலையில் மீட்பது அரிது. கனிமக் குறைவு இதற்கு ஒரு காரணம். மற்றொன்று, தொட்டி அழுக்காகிவிட்டது என்று பாதித் தண்ணீரை ஒரே நாளில் மாற்றும் அக்கறை. நன்னீர் இறாலின் உடல் திரவம் சுற்றியுள்ள நீரைவிட உப்பு மிகுந்தது. உள்ளே புகும் நீரை வெளியேற்றிக்கொண்டும், கசியும் உப்பைச் செவுள்களால் மீட்டுக்கொண்டும் அது ஓயாமல் உழைக்கிறது. நீரின் உப்பளவோ வெப்பமோ திடீரென மாறினால், புதிய தோல் தயாராகும் முன்பே இறால் ஓட்டை உரிக்கத் தூண்டப்படலாம். வாரம் பத்தில் ஒரு பங்கு நீரை, அதே வெப்பநிலையிலும் அதே கடினத்தன்மையிலும், மெதுவாக மாற்றினால் போதும். புதிய இறால்களைத் தொட்டியில் விடும்போது, மருந்துக் கடையில் கிடைக்கும் ட்ரிப்ஸ் குழாயைக் கொண்டு தொட்டி நீரைச் சொட்டுச் சொட்டாக இரண்டு மணி நேரம் பையிலுள்ள நீரோடு கலக்கவிடுவது நல்ல பழக்கம்.

இனப்பெருக்கமும் தோலுரிப்போடு பிணைந்ததே. பெண்ணின் தலைக்குப் பின்னால் மஞ்சளாகவோ பச்சையாகவோ ஒரு சேணம் போலத் தெரிவது முட்டைகள் முதிரும் சூலகம். பெண் தோலுரித்தவுடன் நீரில் கலக்கும் வேதிச் செய்தியை அறிந்து, ஆண்கள் தொட்டி முழுவதும் வெறிகொண்டு நீந்தித் தேடும். இதைப் பார்த்து நீர் கெட்டுவிட்டதோ என்று பதற வேண்டாம். இணைந்த பின் இருபது முப்பது முட்டைகள் வயிற்றடியில் உள்ள நீந்துகால்களில் ஒட்டிக்கொள்கின்றன. அடுத்த மூன்று நான்கு வாரங்களுக்குத் தாய் அந்தக் கால்களை அசைத்து முட்டைகளுக்கு ஆக்சிஜன் செலுத்திக்கொண்டும், கெட்ட முட்டைகளை நீக்கிக்கொண்டும் இருக்கும். முட்டைக்குள் இரண்டு கரும்புள்ளிகளாகக் கண்கள் தெரியத் தொடங்கினால் பொரிக்கும் நாள் நெருங்கிவிட்டது என்று பொருள். சினை இறாலை வலையில் பிடித்துத் தனிப் பெட்டியில் போடுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். அந்த அதிர்ச்சியில் முட்டைகளை உதறிவிடும் தாய்கள் உண்டு.

பிறந்த குஞ்சின் நீளம் சுமார் இரண்டு மில்லிமீட்டர். பெரிய இறால் தீனி விழுந்த இடத்தைத் தேடி ஓடும், குஞ்சு ஓடாது. பிறந்த இடத்தைச் சுற்றியே மேயும். அதன் இரை, இலை, கல், வேர், கண்ணாடி என நீரில் மூழ்கிய எல்லாவற்றின் மேலும் வழுவழுப்பாகப் படியும் நுண்ணுயிர்ப் படலம். பாக்டீரியா, பாசி, ஒருசெல் உயிரிகள் கலந்த இந்தப் படலம் உருவாக நாளாகும். புதிதாக அமைத்துப் பளிச்சென்று துடைத்து வைத்த தொட்டியில் குஞ்சுகள் பட்டினியால் சாவது இதனால்தான். கடையில் வாங்கும் குஞ்சுத் தீனியைவிட, தொட்டி இரண்டு மூன்று மாதம் பழகும்வரை காத்திருப்பதும், பக்கவாட்டுக் கண்ணாடிகளில் பாசியை விட்டுவைப்பதும் அதிகப் பயன் தரும். ஒரு கைப்பிடி ஜாவா பாசி என்ற நீர்ச்செடி மேய்ச்சல் நிலமாகவும் மறைவிடமாகவும் இருக்கும். தெருவோரங்களில் நிற்கும் நாட்டு வாதுமை மரத்திலிருந்து தானாக உதிர்ந்து காய்ந்த இலை, மருந்து தெளிக்கப்படாததாக இருந்தால், மிகச் சிறந்தது. கழுவிப் போட்ட சில நாட்களில் அதன் மேல் படலம் படிந்து, இறுதியில் நரம்பு மட்டும் மிஞ்சும்வரை இறால்கள் மேய்ந்துவிடும். வடிகட்டிக்கு ஏர் பம்ப்பில் இயங்கும் ஸ்பாஞ்ச் ஃபில்டர் போதும். மோட்டார் வடிகட்டியின் வாய் குஞ்சுகளை உறிஞ்சிவிடும். கப்பி உட்பட, வாயில் நுழைவதை விழுங்கும் எந்த மீனும் குஞ்சுகளை விட்டுவைக்காது.

நஞ்சுகளில் அன்றாடமானது அம்மோனியா. மிஞ்சிய தீனி அழுகும்போது உருவாகும் அதை, வடிகட்டியில் குடியேறிய பாக்டீரியாக்கள் நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. 25 டிகிரி செல்சியஸில், நீரின் அமில-காரத் தன்மையைக் காட்டும் பி.எச். 7 ஆக இருந்தால் மொத்த அம்மோனியாவில் ஏறத்தாழ 0.6 சதவீதமே கொடிய வடிவில் இருக்கும், பி.எச். 8 ஆனால் அது 5 சதவீதத்தைத் தாண்டும். ஆகவே, பெரும்பாலும் பி.எச். உயர்ந்திருக்கும் கடின நீர்த் தொட்டியில் இரண்டு மூன்று மணி நேரத்துக்கு மேல் தீனியைக் கிடக்கவிடக் கூடாது. மாநகராட்சிக் குழாய் நீரென்றால் குளோரினை நீக்கியே ஊற்ற வேண்டும். மீன் மருந்துகள் பலவற்றில் உள்ள செம்பும் இறாலைக் கொல்லும். விந்தை என்னவென்றால், இறாலின் இரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோசயனின் என்ற புரதமே செம்பைக் கொண்டதுதான். உடலுக்கு அது தேவை, நீரில் கரைந்த அயனியாகச் செவுளைத் தாக்கினால் நஞ்சு.

பலரும் கவனிக்காதது கொசுவிரட்டி. திரவக் கொசுவிரட்டியிலும் சுருளிலும் உள்ள பைரித்ராய்டு வகை வேதிப்பொருட்கள் பூச்சிகளின் நரம்புகளைத் தாக்குபவை. இறால் பூச்சிக்கு நெருங்கிய உறவு என்பதால், அதன் நரம்புகளும் தப்புவதில்லை. தொட்டி மூடியிருந்தாலும், ஏர் பம்ப் அறைக் காற்றைத்தானே இழுத்து நீருக்குள் செலுத்துகிறது! இறால் இருக்கும் அறையில் கொசுவலையே நல்லது.

கோடையில் மற்றொரு சிக்கல் சேரும். 20 டிகிரி செல்சியஸில் லிட்டருக்குச் சுமார் 9 மில்லிகிராம் ஆக்சிஜன் கரையும் நீரில், 30 டிகிரியில் 7.5 மில்லிகிராம்தான் கரையும்; இறாலின் தேவையோ வெப்பத்தோடு கூடும். நீர்ப்பரப்பின் மேல் சிறு மின்விசிறியை ஓடவிட்டால் ஆவியாதலால் ஓரிரு டிகிரி குறையும். ஆவியாகி இழந்த நீருக்கு ஈடாக ஆர்.ஓ. தண்ணீரையே சேர்க்க வேண்டும், ஏனென்றால் ஆவியாவது நீர் மட்டுமே. உப்புகள் தொட்டியில் தங்கிவிடுகின்றன.

இவற்றைத் தாண்டிய குஞ்சுகள் இரண்டு மூன்று மாதங்களில் பருவமடைகின்றன. இளம் பெண்களின் முதுகில் சேணம் தெரியத் தொடங்கும். நிறம் காக்க விரும்பினால் மங்கலானவற்றை இந்தக் கட்டத்தில் வேறு தொட்டிக்கு மாற்றிவிடலாம். சிவப்பும் நீலமும் மஞ்சளும் ஒரே இனத்தின் வகைகள் என்பதால், ஒன்றாக விட்டால் கலந்துவிடும். சில தலைமுறைகளில் பெரும்பாலான குஞ்சுகள் காட்டு மூதாதையரின் பழுப்பு நிறத்திலேயே பிறக்கும்.