சிங்ஹாவ்: தமிழில் சீன மாசிபத்திரி

சீன மருத்துவத்தில் காய்ச்சலுக்குக் கொடுக்கப்படும் ‘சிங்ஹாவ்’ என்னும் மூலிகைப் பெயர் இரண்டு சொற்களால் ஆனது. ‘சிங்’ பச்சையையும் நீலத்தையும் ஒருசேரக் குறிக்கும் நிறச்சொல். ‘ஹாவ்’ ஆர்ட்டெமிசியா பேரினத்துச் செடிகளுக்குப் பொதுவாக வழங்கும் பெயர். நம் மாசிபத்திரியும் மரிக்கொழுந்தும் இதே பேரினத்தைச் சேர்ந்தவை.

கி.மு. 168ஆம் ஆண்டைச் சேர்ந்த சீனாவின் மாவாங்துய் கல்லறையில் கிடைத்த பட்டுச்சுவடி இம்மூலிகையை மூலநோய்க்குக் கூறுகிறது. விட்டுவிட்டு வரும் காய்ச்சலுக்கு ஒரு கைப்பிடி சிங்ஹாவை இரண்டு ஷெங் (சீன முகத்தலளவை) நீரில் ஊறவைத்து, பிழிந்த சாற்றை முழுவதும் குடிக்க வேண்டும் என 4ஆம் நூற்றாண்டு மருத்துவர் கெ ஹோங் எழுதினார். கொதிக்க வைக்கச் சொல்லாத அந்தக் குறிப்பே, வெப்பத்தில் மருந்து கெடக்கூடும் என்ற எண்ணத்தைச் சீன ஆய்வாளர் தூ யூயூவுக்குத் தந்தது; 1971இல் அவர் குறைந்த வெப்பத்தில் ஈதர் என்னும் கரைப்பானைக் கொண்டு வடித்த சாறு மலேரியா ஒட்டுண்ணியை அழித்தது. இதற்காக 2015இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. பழைய ஏட்டின் ஒற்றை வரியை இவ்வளவு கூர்ந்து படித்த ஆய்வாளர்கள் அரியவர்கள்.

அந்தச் சாற்றின் சத்துக்குச் சீனர் இட்ட பெயர் ‘சிங்ஹாவ்சூ’. உலகம் அதை ஆர்ட்டெமிசினின் என்கிறது. ஒட்டுண்ணி நம் குருதியின் ஹீமோகுளோபினைச் செரிக்கும்போது வெளிப்படும் இரும்பு, இம்மருந்தில் இரண்டு ஆக்சிஜன் அணுக்களை இணைக்கும் பெராக்சைடு பிணைப்பை உடைக்க, அதில் பிறக்கும் வினைமிகு துகள்கள் ஒட்டுண்ணியின் புரதங்களைச் சிதைக்கின்றன. மருந்து உடலில் விரைவில் தீர்ந்துவிடுவதால், நீண்ட நேரம் நிற்கும் வேறொரு மருந்தோடு சேர்த்தே தரப்படுகிறது.

பெயரில் ஒரு சிக்கல் சீனத்திலேயே உண்டு. மருந்துக்கடையில் சிங்ஹாவ் எனப்படும் ஆர்ட்டெமிசியா அன்னுவாவைச் சீனத் தாவரவியலார் ‘ஹுவாங்ஹுவாஹாவ்’, அதாவது மஞ்சள் பூ ஹாவ், என்கின்றனர். அவர்கள் சிங்ஹாவ் என்று அழைப்பது வேறொரு செடியை. ஆகவே நிறத்தை மொழிபெயர்த்துப் ‘பச்சை மாசிபத்திரி’ என்பது குழப்பத்தையே வளர்க்கும். செடிக்குச் ‘சீன மாசிபத்திரி’ என்பது பொருந்தும். மருந்துக்கோ, சீட்டில் எழுதப்படும் பெயர் எங்கும் ஒன்றாக இருக்கவேண்டியதால், ஆர்ட்டெமிசினின் என்பதே இருக்கட்டும்.

பெயரின் உறவைக் கண்டு, நீலகிரியில் வளரும் மாசிபத்திரியை மலேரியாவுக்குக் கொடுக்கக் கூடாது. சீன மாசிபத்திரியின் இலையைக் கூடத் தேநீராகக் குடிப்பதை உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைப்பதில்லை; இலைக்கு இலை மருந்தின் அளவு மாறுவதால், நோய் தீராமல் எஞ்சும் ஒட்டுண்ணிகள் மருந்தை எதிர்க்கும் ஆற்றலைப் பெறக்கூடும்.