உற்றுப் பார்த்தால் நின்றுவிடும் அணு

மலேசியாவின் சுங்கை சிப்புட் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பாட்டி பால்மரம் வெட்டிய காலத்தில், பள்ளி விடுமுறைக்கு நானும் மரநிரைக்குப் போய், பால் சொட்டும் கோப்பையை மங்கு மங்காக எட்டிப் பார்ப்பேன். "நீ உத்துப் பாத்தா மட்டும் சீக்கிரமா நெறஞ்சிடுமாடா?" என்பார். நிறையாது, நிற்கவும் நிற்காது. பால் ஒரே சீராகச் சொட்டுகிறது என்று வைத்துக்கொண்டால் (உண்மையில் வெட்டியதும் வேகமாக வந்து அப்புறம் தளரும்), பத்து முறை எட்டிப் பார்த்து ஒவ்வொரு தடவையும் வாளியில் கவிழ்த்தாலும் கடைசியில் வாளியில் அதே ஒரு மங்கு பால்தான்.

அணுவிடம் இந்தக் கணக்கு செல்லாது. கீழ்நிலை, மேல்நிலை என இரண்டே நிலை உள்ள ஓர் அணுமீது ரேடியோ அலை படுகிறது. யாரும் தொடாதவரை, 1926இல் இயற்பியலாளர் ஷ்ரோடிங்கர் எழுதிய சமன்பாட்டின்படி அதன் நிலை கடிகார முள்போலச் சீராகத் திரும்பி, குறித்த நேரத்தில் முழுசாக மேலே போய்விடும். இதில் அதிர்ஷ்டத்துக்கு வேலையே இல்லை. நடுவில் அளந்தால்தான் வம்பு: கீழா மேலா என்று ஒரே பதில் வரும், அணு அந்தப் பதிலிலிருந்து மறுபடி ஆரம்பிக்கும். எந்தப் பதிலுக்கு எவ்வளவு வாய்ப்பு என்பது, அதே ஆண்டு இன்னொரு இயற்பியலாளர் மேக்ஸ் போர்ன் சொன்னபடி, முள்ளின் சாய்வில் அந்தப் பக்கத்துக்குள்ள பங்கின் வர்க்கம்.

சூட்சுமம் அந்த வர்க்கத்தில் இருக்கிறது. பத்தில் ஒரு பங்கு நேரத்தில் அளந்தால் மேலே போயிருக்க வாய்ப்பு 10 விழுக்காடு இல்லை, வெறும் இரண்டரைதான்! அதனால் பத்து முறை அளந்தால் கடைசியில் சுமார் 20 விழுக்காடுதான் மேலே இருக்கும், 64 முறை அளந்தால் நான்குகூடத் தேறாது.

1977இல் இயற்பியலாளர்கள் மிஸ்ராவும், சென்னை கிறிஸ்தவக் கல்லூரியில் படித்த கேரளத்து ஜார்ஜ் சுதர்சனும் இதற்கு சீனோ விளைவு என்று பெயர் வைத்தார்கள், அம்பு நகரவே முடியாது என்று வாதாடிய கிரேக்கரின் பெயர். 1990இல் அமெரிக்காவின் போல்டர் நகரில் இட்டானோ குழுவினர் சுமார் 5,000 பெரிலியம் அயனிகளை (மின்னேற்றம் பெற்ற அணுக்களை)ப் பிடித்துவைத்து, 256 மில்லிவினாடிக்குள் 64 தடவை வரை புறஊதா லேசர் அடித்துப் பார்த்தார்கள். கீழே இருந்தால் அயனி ஒளிரும், மேலே போயிருந்தால் இருட்டு. கணக்கோடு ஒத்துப்போனது. மனிதர் கண் வேண்டும், மனசக்தி வேண்டும் என்று சிலர் கிளப்பிவிடுவது சும்மா கதை, லேசர் பட்டாலே அளந்த மாதிரிதான்.

சரி, யுரேனியம் தானாகச் சிதைவதையும் இப்படி உற்றுப் பார்த்தே நிறுத்திவிடலாமா? முடியாது. அதன் சிதைவில் அந்த வர்க்கக் கணக்கு செல்லுபடியாகும் நேரம் நம் எந்தக் கருவிக்கும் எட்டாத அளவு குறுகியது. அதைத் தாண்டிவிட்டால் அதுவும் பாட்டியின் மங்குதான், பார்த்தாலும் சொட்டும், பார்க்காவிட்டாலும் சொட்டும்.