நேத்து என்ன வேலைக்குப் போனீங்க?

ஈரோடு மாவட்டத்தில் கோபிச்செட்டிபாளையத்துக்கும் சத்தியமங்கலத்துக்கும் நடுவே ஒரு சின்ன ஊரில் க்ளினிக் வைத்திருக்கிறேன். எங்கள் சீட்டில் 'தொழில்' என்று ஒரு கட்டம் உண்டு. முக்கால்வாசிப் பேருக்கு அதில் விழுவது ஒரே சொல், கூலி. நர்ஸ் கேட்கக்கூட மாட்டார், ஆளைப் பார்த்ததும் எழுதிவிடுவார். அந்தச் சொல்லை நம்பி நான் கோட்டைவிட்டது ஒன்று இருக்கிறது.

சில வருசம் முன்னால் ஒரு காலையில் நாற்பத்தைந்து வயசு மதிக்கத்தக்க ஒரு அக்கா வந்தார். வாந்தி, வயிற்றுப்போக்கு. "கிறுகிறுன்னு வருதுங் டாக்டரம்மா, ராத்திரித் தின்ன கொழம்பு சேரலையாட்டம் இருக்குதுங்" என்றார். நானும் அந்தக் குழம்பையே பிடித்துக்கொண்டேன். ஒரு பாட்டில் ட்ரிப் போட்டு, மாத்திரை கொடுத்து அனுப்பினேன். மத்தியானம் அவரை மகன் தூக்கிக்கொண்டு வந்தபோது வாயில் எச்சில் ஒழுகுகிறது, உடம்பெல்லாம் வேர்வை, டார்ச் அடித்துப் பார்த்தால் கண்பாவை கடுகுபோலச் சுருங்கிக் கிடக்கிறது. அப்புறம்தான் காலையிலேயே கேட்டிருக்க வேண்டியதைக் கேட்டேன், என்ன வேலைக்குப் போனீங்க? விடிவதற்குள் மல்லிப்பூ பறிக்கப் போயிருக்கிறார். முந்தின நாள் சாயங்காலம் அந்தத் தோட்டத்தில் பூச்சிமருந்தடித்திருக்கிறார்கள்.

அந்த விஷத்துக்கு மாற்றான அட்ரோபின் ஊசி போட்டு, 108 வைத்து, பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம். பிழைத்துக்கொண்டார். என் கெட்டிக்காரத்தனத்தால் அல்ல, மகன் தூக்கிவந்த வேகத்தால்.

சத்தி மல்லியைப் பற்றித் தெரியாதவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். மொட்டாக இருக்கும்போதே பறித்தால்தான் விலை, அதனால் நெற்றியில் லைட்டைக் கட்டிக்கொண்டு கருக்கலிலேயே இறங்கிவிடுவார்கள், செடியெல்லாம் பனி, அந்தப் பனியில் நேற்று அடித்த மருந்து கரைந்து நிற்கும், சேலை முழங்கால்வரை நனையும், கை மணிக்கட்டுவரை நனையும். ஆர்கனோபாஸ்பரஸ் வகைப் பூச்சிமருந்துகள் உள்ளே போக வாய் வேண்டியதில்லை, தோலே போதும். மருந்தடித்தவர் ஒரு நாள் அடித்தார், பறிப்பவர் தினமும் நனைகிறார்.

இந்தப் பக்கம் விவசாயியை மதிக்கத் தெரியாதவர்கள் இல்லை. மின்கட்டண உயர்வை எதிர்த்து 1970-ல் பெருமாநல்லூரில் துப்பாக்கிச் சூட்டில் செத்தவர்களை இன்றைக்கும் வருசா வருசம் கும்பிடுகிறோம். விவசாயிகள் சங்கத் தலைவர் நாராயணசாமி நாயுடு பெயரைச் சொன்னால் எழுந்து நிற்கிற பெரியவர்களை எனக்குத் தெரியும். ஆனால் 2011 கணக்கெடுப்பை எடுத்துப் பாருங்கள். தமிழ்நாட்டில் சொந்தமாகவோ குத்தகைக்கோ உழுபவர்கள் சுமார் 42 லட்சம், விவசாயக் கூலிக்குப் போகிறவர்கள் சுமார் 96 லட்சம். உழவர் என்று நாம் வணக்கம் வைக்கும்போது மனசில் வருவது அந்த 42 லட்சத்தின் முகம்தான். பழனிப் பஞ்சாமிர்தத்தை நக்கும்போது அதில் இருப்பது நம்ம கவுந்தப்பாடி நாட்டுச்சர்க்கரை என்று பெருமைப்படுவோம், கொப்பரைச் சூட்டில் நின்று அதைக் கிண்டியவர் யாரென்று யோசித்திருக்கிறோமா?

சரி, என் வேலைக்கு வருகிறேன். இப்போதெல்லாம் 'கூலி' என்ற சொல்லைச் சீட்டில் எழுதவிடுவதில்லை. என்ன பயிர், என்ன வேலை, எந்த நேரம், இந்த மூன்றும் வேண்டும். ஈரமான பச்சைப் புகையிலையை அள்ளிக் கட்டியவருக்கு வாந்தியும் தலைசுற்றலும் வந்தால், இலையிலிருக்கும் நிகோடின் தோல் வழியாக ஏறியிருக்கலாம். உள்ளங்கை மஞ்சளாக வந்தவரைக் காமாலை என்று ரத்தம் எடுக்கப் போனார் புதிதாகச் சேர்ந்த பையன், கண் வெள்ளை பளிச்சென்று இருந்தது, மஞ்சளில் விரலியும் கிழங்கும் பிரித்துவிட்டு நேராக வந்திருக்கிறார் அந்த அம்மா. இதற்குச் சிரித்தோம். சிரிக்க முடியாததும் உண்டு. காட்டுச் சாளைக் குடிசையில் தரையில் படுத்தவர் விடிகாலையில் வயிற்றுவலி என்று வந்து, இமை தொங்கினால், கடித்த தடமே தெரியாவிட்டாலும் கட்டுவிரியனைத்தான் முதலில் நினைக்க வேண்டும். அது கடித்தால் பல பேருக்கு வலிக்காது. பாம்புக்கடியை ஆஸ்பத்திரிகள் அரசுக்குக் கட்டாயம் தெரிவிக்க வேண்டும் என்று 2024 நவம்பரில் தமிழ்நாடு அறிவித்ததே. கடித்த இடத்துக்கு மேலே கயிற்றால் இறுக்காதீர்கள், கீறாதீர்கள், ஆளை நடக்கவிடாமல் கொண்டுவந்து சேருங்கள்.

பெண்கள் விசயத்தில் இன்னொன்று. காட்டில் ஒதுங்க இடம் கிடையாது என்று காலையிலிருந்து தண்ணியே குடிப்பதில்லை. சித்திரை வெயிலில் களை வெட்டிவிட்டு நீர்க்கடுப்போடு வருகிறார்கள். இதற்கு நான் எழுதும் மாத்திரையைவிடத் தோட்டத்தில் ஒரு கக்கூஸ் நல்ல வைத்தியம்.

தோட்டக்காரர்களுக்கு: நீங்களும் என் நோயாளிகள்தான், கோபித்துக்கொள்ளாதீர்கள். மருந்தடித்தால் அடுத்த நாள் ஆள் விடாதீர்கள். எத்தனை நாள் இடைவெளி விட வேண்டும் என்று கடைக்காரரிடம் கேளுங்கள், லேபிளைப் படித்துக் காட்டச் சொல்லுங்கள். டப்பாவில் ஒரு கட்டம் இருக்கும், அதில் சிவப்பு என்றால் கொடிய விஷம், அப்புறம் மஞ்சள், நீலம், பச்சை என்று வீரியம் குறையும். மருந்தடிக்கும் மிசினின் நாசில் அடைத்துக்கொண்டால் வாய் வைத்து ஊதுகிற பழக்கத்தை இன்றோடு விடுங்கள். மருந்து பட்டுவிட்டால் துணியைக் கழற்றி, தலைமுடி நகக்கண் உட்பட சோப்புப் போட்டுக் குளிக்கவைத்து, அந்த டப்பாவையும் கையோடு எடுத்து வாருங்கள். எந்த மருந்து என்று தெரியாமல் நாங்கள் தடவுகிற நேரம் அவருக்குப் போகிற நேரம்.

முதலமைச்சரின் உழவர் பாதுகாப்புத் திட்டம் 2011-லிருந்து இருக்கிறது. சிறு, குறு விவசாயிகளோடு விவசாயத் தொழிலாளர்களுக்கும் அதில் அட்டை உண்டு. விபத்தில் செத்தால் குடும்பத்துக்கு உதவித்தொகை, பிள்ளைகள் படிப்புக்கும் உண்டு. விஏஓ ஆபீசில் விசாரித்தால் சொல்வார்கள். நான் இப்போது வருகிறவர்களிடமெல்லாம் அட்டை இருக்குதா என்று கேட்டுவிடுகிறேன், இது டாக்டர் வேலையா என்று கம்பவுண்டர் முணுமுணுப்பார்.

அந்த மல்லிப்பூ அக்கா போன மாசம் சளிக்கு வந்தார். நான் வாய் திறக்கும் முன்னாலேயே, "நேத்து வாழைக்கு மண்ணணைக்கப் போனனுங், மருந்தடிக்கலீங்" என்றார். அட்டைக்கு எழுதிக் கொடுத்தீங்களா அக்கா என்றேன்.

"போகோணுங். ஒரு நாள் கூலி போயிருமல்லங்."