வயிற்று வலியும் ஒரு சின்ன நோட்டும்

திங்கட்கிழமை காலை ஏழரை மணிக்கு ஒரு குழந்தை "வயிறு வலிக்குது" என்றால், பெரும்பாலான வீடுகளில் அது நடிப்பு என்று தீர்ப்பாகிவிடும். வலி நிஜமாகவே இருக்கலாம். பயம் வந்தால் அட்ரினலின் சுரக்கும், குடலுக்குப் போகும் ரத்தம் குறையும், வயிற்றைப் பிசையும். ஏழு வயதுப் பிள்ளைக்குப் பிசைவது தெரிகிறது. அதற்குப் பயம் என்று பெயர் வைக்கத்தான் தெரிவதில்லை.

பெயர் வைப்பதால் என்ன ஆகிவிடும்? 2007இல் லாஸ் ஏஞ்சல்ஸில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் மாத்யூ லீபர்மேனின் குழு இதைச் சோதித்தது. ஸ்கேன் கருவிக்குள் படுத்திருந்தவர்களுக்குக் கோபமான முகங்களையும் பயந்த முகங்களையும் காட்டினார்கள். மூளைக்குள் பாதாம் பருப்பு வடிவில் இருக்கும் அமிக்டலா என்ற அபாய மணி உடனே அடித்தது. அந்த முகத்துக்கு 'கோபம்', 'பயம்' என்று பொருத்தமான சொல்லைத் தேர்ந்தெடுக்கச் சொன்னதும் மணிச்சத்தம் தணிந்தது. நெற்றிக்குப் பின்னால் வலப்பக்கம் இருக்கும் ஒரு பகுதி வேலையில் இறங்கியது. அதே முகத்துக்கு ஓர் ஆளின் பெயரைப் பொருத்தச் சொன்னபோது இந்த அளவுக்குத் தணியவில்லை. உணர்ச்சிக்கான சொல்தான் பிரேக்.

ஆனால் அவர்கள் பெரியவர்கள். நெற்றிக்குப் பின்னால் உள்ள அந்தப் பகுதி முழுதாக முதிர இருபது வயதையும் தாண்ட வேண்டும். அதனால், பலர் சொல்வதுபோல 'மனசில் இருப்பதையெல்லாம் எழுது' என்று பிள்ளை கையில் நோட்டைக் கொடுத்துவிட்டு நகர்வது எனக்குச் சரியாகப் படவில்லை. அந்த யோசனைக்கு மூலம் அமெரிக்க உளவியலாளர் ஜேம்ஸ் பென்னிபேக்கர் 1986இல் வெளியிட்ட ஆய்வு. கல்லூரி மாணவர்கள் நான்கு நாள், தினமும் 15 நிமிடம், தங்கள் வாழ்வின் மோசமான அனுபவத்தை எழுதினார்கள். எழுதி முடித்த கையோடு மனம் இன்னும் கனத்துத்தான் போனது. அடுத்த சில மாதங்களில் மருத்துவரிடம் போவது குறைந்தது.

பிள்ளைகளிடம் கதை வேறு. அமெரிக்காவின் எமரி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ராபின் ஃபிவுஷ் 9 முதல் 13 வயதுப் பிள்ளைகளை எழுதவைத்துப் பார்த்தார். தங்கள் பிரச்சினைகளையும் அவற்றின் காரணங்களையும் நிறைய எழுதியவர்களிடம் பிறகு கவலையும் சோர்வும் அதிகமாகவே தெரிந்தன. எழுதும்போது பெரியவர்கள் நடந்ததைக் கோத்து ஒரு முடிவுக்குக் கொண்டுவருகிறார்கள். எட்டு வயதுப் பிள்ளைக்கு எழுத்தைக் கூட்டுவதிலேயே மூளையின் பாதி இடம் போய்விடுகிறது. காயம் திறக்கிறது, மூட ஆள் இல்லை என்பது என் ஊகம்.

சரி, என்னதான் செய்வது? எங்கள் வீட்டில் மூன்றாம் வகுப்புக்காரி படம் போட்டுத்தான் ஆரம்பிப்பாள். அப்புறம் ஒரே ஒரு வரி. எழுத அலுப்பாக இருந்தால் அவள் சொல்லச் சொல்ல நான் எழுதுவேன். 'பதற்றம்', 'மன அழுத்தம்' போன்ற சொற்கள் அவளுக்கு எட்டாது. ஆனால் தமிழில் இரட்டைக்கிளவி இருக்கிறதே! படபட, திக்திக், கடுகடு, குறுகுறு. பெயர் தெரியாத உணர்ச்சியைச் சத்தமாகவே பிடித்துவிடலாம். கடுகடு வந்த நாளில் பக்கம் முழுக்கக் கறுப்பு கிரேயான் கிறுக்கல். அதன் கீழே, அன்று நடந்த நல்லது ஒன்று: 'மதியம் முட்டை'.

ஒரே ஒரு விதி, சிவப்புப் பேனா கூடாது. திருத்தப்படும் என்று தெரிந்தால் பிள்ளை திருத்துபவருக்காக எழுதும். 'நான் மகிழ்ச்சியாக இருக்கிறேன்' என்று அழகான கையெழுத்தில் பக்கம் நிரம்பும், வயிற்று வலி அப்படியே இருக்கும். கேட்காமல் திறந்து படிப்பதும் கிட்டத்தட்ட அதே வேலையைத்தான் செய்கிறது.

வாரக்கணக்கில் அதே பயம் தொடர்ந்தாலோ, யாரோ அடிக்கிறார்கள், தொடுகிறார்கள் என்று பிள்ளை எழுதினாலோ, சொன்னாலோ நோட்டு போதாது. குழந்தைகள் நல மருத்துவரைப் பார்க்க வேண்டும். இந்தியாவில் 1098 என்ற உதவி எண்ணும் இருக்கிறது. வலியோடு காய்ச்சலோ வாந்தியோ இருந்தால் அது உடம்பு நோயாக இருக்கலாம், நோட்டைத் தேடாதீர்கள், மருத்துவரிடம் போங்கள்.

போன வாரம் பேருந்துப் படம் ஒன்று போட்டுவிட்டு, பென்சிலைக் கடித்தபடி கேட்டாள்: "அப்பா, வயிறுக்குச் சின்ன ரவா, பெரிய றவா?"

"இந்த நோட்டில எது போட்டாலும் சரிதான்."

சின்ன ர போட்டாள்.