மஞ்சு சாம்பலாகாமல் படமெடுக்க

கொடைக்கானல் போய்வந்த யாருடைய போனைத் திறந்தாலும் சாம்பல் பூத்த படங்கள் கொத்தாக இருக்கும். தூண் பாறை முன்னால் நின்றபோது மஞ்சு, அதாவது மலை மூடுபனி, வெள்ளை வெளேரென்று பொங்கி ஏறியது. படத்திலோ துவைக்காத வேட்டியை விரித்துப் போட்ட மாதிரி இருக்கிறது. உடனே நல்ல கேமரா வாங்கினால்தான் ஆகும் என்று பலர் முடிவுக்கு வந்துவிடுகிறார்கள். அவசரப்பட வேண்டாம். மஞ்சுக்குள் ஒளி என்ன ஆகிறது, அந்த ஒளியைக் கேமரா எப்படிக் கணக்குப் போடுகிறது என்ற இரண்டும் பிடிபட்டுவிட்டால், கையில் இருக்கும் போனிலேயே படம் மாறிவிடும்.

முதலில் மஞ்சு எப்போது வரும் என்பது தெரிய வேண்டும். கொடைக்கானல் இருக்கும் பழனி மலைத்தொடரில் அது இரண்டு விதமாக உருவாகிறது. ஒன்று பகலில் ஏறிவருவது. பெரியகுளம், வத்தலக்குண்டுப் பக்கம் வெயிலில் சூடான காற்று சரிவைப் பிடித்து மேலே ஏறும். ஏற ஏற விரியும், விரிய விரியக் குளிரும். நீராவி திவலையாக, அதாவது நுண்ணிய நீர்த்துளியாக, மாறாத வரை 100 மீட்டருக்கு ஏறக்குறைய 1 டிகிரி குறைந்துகொண்டே போகும். அடிவாரத்துக்கும் கொடைக்கானலுக்கும் 1,700 மீட்டருக்கு மேல் உயர வித்தியாசம் இருப்பதால், பாதி வழியிலேயே நீராவி திவலையாகி, மதியத்துக்கு மேல், பள்ளத்தாக்கின் ஓரமாகப் போகும் நடைபாதையான கோக்கர்ஸ் வாக் விளிம்பில் மேகமாக வந்து முட்டும். இன்னொன்று இரவில் உருவாவது. மேகமில்லாத குளிர் இரவில் நிலம் சூட்டை இழக்க, குளிர்ந்த கனமான காற்று பள்ளங்களில் இறங்கித் தேங்கும். ஏரித் தண்ணீர் அந்தக் காற்றைவிடச் சூடாக இருப்பதால், விடியற்காலையில் ஏரி மேல் புகை எழும்புகிற மாதிரி தெரியும். பகல் மஞ்சு நிமிடத்துக்கு நிமிடம் மாறும், கேமராவைத் தயாராக வைத்துக் காத்திருக்க வேண்டியதுதான். விடியல் மஞ்சு ஓரளவு அசையாமல் நிற்கும், ட்ரைபாட் வைத்து நிதானமாக எடுக்கலாம். வெயில் ஏறினால் கலைந்துவிடும் என்பதால் சீக்கிரம் எழுந்தால்தான் உண்டு.

சரி, மஞ்சு ஏன் வெள்ளையாக இருக்கிறது? அதன் திவலைகள் சில மைக்ரோமீட்டரில் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) தொடங்கிச் சில பத்து மைக்ரோமீட்டர் வரை இருக்கும். நம் கண்ணுக்குத் தெரியும் ஒளியின் அலைநீளமோ 0.4 முதல் 0.7 மைக்ரோமீட்டர்தான். தன்னைவிடப் பல மடங்கு பெரிய திவலையில் மோதும்போது எல்லா நிறமும் ஏறக்குறைய ஒரே அளவில் சிதறுகிறது. எல்லாம் சேர்ந்தால் வெள்ளை. காற்றின் மூலக்கூறுகள் கதை வேறு. அவை அலைநீளத்தைவிட மிகச் சிறியவை. அவற்றில் 0.4 மைக்ரோமீட்டர் ஊதா ஒளி, 0.7 மைக்ரோமீட்டர் சிவப்பைவிடச் சுமார் 9 மடங்கு அதிகமாகச் சிதறும். மழை கழுவிவிட்ட நாளில் தூரத்து மலைவரிசை நீலமாகத் தெரிவது இதனால்தான். அந்த நீலப் புகைமூட்டத்தில் நிறம் இருக்கிறது, ஒளி அதிர்வதற்கு ஒரு திசையும் இருக்கிறது. அதனால் அதைக் கொஞ்சம் அடக்க முடியும். வெள்ளை மஞ்சில் பிரித்தெடுக்க எதுவும் இல்லை.

பில்டர் வாங்கப் போகிறவர்களுக்கு இந்த வித்தியாசம் முக்கியம். ஒரு திசையில் அதிரும் ஒளியை மட்டும் உள்ளே விடும் போலரைசர் பில்டர், சூரியனுக்குப் பக்கவாட்டுத் திசையில் உள்ள நீல மூட்டத்தை நன்றாகவே குறைக்கும். மஞ்சுக்குள் ஒளி பல திவலைகளில் மாறி மாறி மோதிவருவதால் அங்கே அதன் பாச்சா பலிக்காது. ஆனாலும் நனைந்த இலையின் பளபளப்பை நீக்கிப் பச்சையை வெளியே கொண்டுவரும், அதற்காகவே பையில் ஒன்று இருக்கலாம். புறஊதா பில்டர் பிலிம் காலத்தில் உதவியது. ஒளியைப் பதிவுசெய்யும் டிஜிட்டல் சென்சாருக்கு முன்னால் அந்தக் கதிரைத் தடுக்கும் கண்ணாடி ஏற்கெனவே இருப்பதால், இன்று அது லென்ஸுக்கு ஒரு மூடி, அவ்வளவுதான்.

இப்போது தூரத்துக்கு வருவோம். மஞ்சுப் படத்தின் உயிர் இதில்தான் இருக்கிறது. தூரத்து மரத்திலிருந்து புறப்பட்ட ஒளியில் ஒரு பங்கு வழியிலேயே திசைமாறிப் போகிறது. வானத்தின் வெளிச்சம் இடையில் உள்ள திவலைகளில் பட்டுக் கேமராவுக்குள் வந்து சேர்ந்துகொள்கிறது. மரத்தின் சொந்த ஒளி குறைகிறது, அதன் கருப்பின் மேல் வெள்ளை ஏறுகிறது. ஜெர்மானிய வானிலையாளர் ஹரால்ட் கோஷ்மீடர் இதை 1924-ல் ஒரு கணக்காக எழுதினார். காண்ட்ராஸ்ட், அதாவது பொருளுக்கும் பின்னணிக்கும் உள்ள வெளிச்ச வித்தியாசம், குறிப்பிட்ட தூரத்துக்கு ஒருமுறை பாதியாகும், மீண்டும் அதே தூரத்தில் மிச்சமும் பாதியாகும். 2 சதவீதத்துக்கு வந்ததும் கண் கைவிட்டுவிடும், அதுவே பார்வை எல்லை. 500 மீட்டர் வரை தெரிகிற மஞ்சு என்றால், சுமார் 90 மீட்டருக்கு ஒருமுறை காண்ட்ராஸ்ட் பாதியாகும் என்று இதிலிருந்து போட்டுப் பார்க்கலாம். 10 மீட்டரில் நிற்கும் மரத்துக்கு 92 சதவீதம் மிஞ்சும். 90 மீட்டரில் பாதி. 270 மீட்டரில் எட்டில் ஒரு பங்கு.

கொடைக்கானல் பைன் காட்டுக்குள் மஞ்சு இறங்கும்போது இந்தக் கணக்கைக் கண்ணாலேயே படிக்கலாம். முன் வரிசை மரத்தின் பட்டையில் வெடிப்புகள், அதில் ஒட்டிய பிசின், நனைந்த பக்கமும் நனையாத பக்கமும் எல்லாம் தெரியும். கொஞ்சம் தள்ளி நிற்கும் வரிசையில் பட்டை போய்விடும், தண்டின் உருளை வடிவம் மட்டும் இருக்கும். அதற்கப்புறம் உருளையும் தட்டையாகிச் சாம்பல் கோடாகும். கடைசி வரிசை இருக்கிறதா இல்லையா என்றே சொல்ல முடியாது. ஆழம் காட்ட வேறு தந்திரமே வேண்டாம், மஞ்சே காட்டிக்கொடுக்கிறது. ஆனால் அதற்கு முன்வரிசை வேண்டும். பள்ளத்தாக்கை மட்டும் எடுக்கும் படங்கள் தோற்பது இங்கேதான். அவற்றில் இருப்பதெல்லாம் 270 மீட்டருக்கு அப்பால். ஜூம் செய்தால் தூரத்து மலை பெரிதாகும், நடுவில் இருக்கும் மஞ்சு ஒரு திவலைகூடக் குறையாது. ஒரு கிளையோ, வேலிக் கம்பமோ, குடை பிடித்து நடப்பவரோ சில மீட்டர் தூரத்தில் இருக்கும்படி நின்றுகொள்ளுங்கள். பின்னால் இருப்பதெல்லாம் தன்னால் அடுக்கடுக்காக விழும்.

அடுத்தது கேமராவின் கணக்கு. எதிரே இருப்பது வெள்ளைப் பூவா, கருங்கல்லா என்று ஒளிமானிக்குத் தெரியாது. சராசரி காட்சி, விழும் ஒளியில் சுமார் 18 சதவீதத்தைத் திருப்பி அனுப்பும் என்ற நடுத்தரச் சாம்பலை ஒட்டியே அது அளவெடுக்கிறது. இப்போதைய கேமராக்களும் போன்களும் காட்சியை அடையாளம் கண்டு கொஞ்சம் திருத்திக்கொள்கின்றன, ஆனாலும் அடிப்படை இதுதான். திரை முழுக்க மஞ்சு நிறைந்தால், வெளிச்சம் அதிகம் என்று நினைத்து அது வெள்ளையைச் சாம்பலுக்கு இறக்கிவிடுகிறது. அதனால் படத்தின் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் எக்ஸ்போஷர் காம்பன்சேஷனை நாம் ஏற்ற வேண்டும். பிளஸ் 1 வைத்தால் ஒளி இரட்டிப்பாகும், பெரும்பாலான மஞ்சுக்கு அது போதும். போனில் திரையைத் தொட்டுச் சூரியக் குறியை மேலே இழுப்பதும் இதே வேலைதான்.

எவ்வளவு ஏற்றலாம் என்பதை ஹிஸ்டோகிராம் சொல்லும். இடது ஓரம் கருப்பு, வலது ஓரம் வெள்ளை என்று வைத்து, எந்த வெளிச்சத்தில் எத்தனை பிக்சல் என்று காட்டும் வரைபடம் அது. மஞ்சுப் படத்தில் அது குறுகலான ஒற்றை மேடாக நடுவில் நிற்கும். அந்த மேட்டை வலது சுவரைத் தொடாத அளவுக்கு வலப்பக்கம் நகர்த்துங்கள். இது வெறும் அழகுக்காக அல்ல. ஒளி துகள் துகளாக வருவதால் அதன் எண்ணிக்கையில் இயல்பாகவே ஒரு தடுமாற்றம் உண்டு. அந்தத் தடுமாற்றம் எண்ணிக்கையின் வர்க்கமூலம். ஒரு பிக்சலில் 100 துகள் விழுந்தால் தடுமாற்றம் 10, அதாவது 10 சதவீதம். 10,000 விழுந்தால் 100, வெறும் 1 சதவீதம். படத்தில் தெரியும் பொரிப்பொரியான இரைச்சலில் பெரும்பங்கு இதுதான். மஞ்சுப் படத்தை எடிட் செய்வது என்றால் அந்தக் குறுகிய மேட்டை இழுத்து அகலமாக்குவது. மூன்று மடங்கு இழுத்தால் இரைச்சலும் மூன்று மடங்கு இழுபடும். எடுக்கும்போதே ஒளியை நிறையச் சேர்த்து, சென்சாரில் விழுந்ததைப் பெருக்கிக் காட்டும் ஐ.எஸ்.ஓ.வைக் குறைவாக வைத்தவருக்குத்தான் எடிட்டிங் கைகொடுக்கும்.

ராவா, ஜேபெக்கா என்ற கேள்விக்கும் இங்கே விடை இருக்கிறது. ரா என்பது சென்சார் பதிந்ததை அப்படியே சேமிக்கும் கோப்பு, ஜேபெக் என்பது கேமராவே திருத்திச் சுருக்கித் தரும் படம். ஜேபெக்கில் ஒரு நிறத்துக்கு 256 படிகள்தான். 14 பிட் ராவில் 16,384. மஞ்சு முழுவதும் ஜேபெக்கின் 40 படிகளுக்குள் அடங்கிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதை 160 படிக்கு இழுத்தால் நடுநடுவே ஓட்டை விழும், மென்மையாகக் கரைய வேண்டிய மஞ்சு வரிவரியாகத் தெரியும். வெயிலில் எடுத்த கல்யாணப் படத்துக்கு ஜேபெக் போதும் என்று யாராவது சொன்னால் நான் மறுக்க மாட்டேன். மஞ்சுக்கு மட்டும் ராவில் எடுங்கள். பல போன்களிலும், அமைப்புகளை நாமே மாற்றிக்கொள்ளும் புரோ மோடில் அந்த வசதி உண்டு.

போன்கள் செய்யும் இன்னொரு வேலையும் தெரிந்திருக்கட்டும். ஒரு பொத்தானை அழுத்தினால் அவை பல படங்களை எடுத்துச் சராசரி போடுகின்றன. 9 படம் சேர்ந்தால் இரைச்சல் மூன்றில் ஒரு பங்காகும். சின்ன சென்சாரை வைத்துக்கொண்டு அவை சமாளிப்பது இப்படித்தான். ஆனால் மஞ்சு வேகமாக ஓடும்போது அதன் நார் நாரான விளிம்புகளும் அந்தச் சராசரியில் கரைந்துபோகலாம். அந்த விளிம்பு வேண்டுமென்றால் புரோ மோடில் ஒற்றைப் படமாக எடுப்பது நல்லது.

ஃபோகஸ் பற்றி ஒரு வார்த்தை. ஆட்டோஃபோகஸுக்கு விளிம்பு வேண்டும். வெறும் மஞ்சில் வைத்தால் லென்ஸ் முன்னும் பின்னும் அலையும். மரத்தண்டின் ஓரத்தில் பிடித்துப் பூட்டிக்கொள்ளுங்கள். வெள்ளை வெள்ளையாகத் தெரியும்படி நிறத்தைச் சரிசெய்யும் வைட் பேலன்ஸை ஆட்டோவில் விட்டால் காலை மஞ்சின் பொன்னிறத்தைக் குறை என்று நினைத்துத் திருத்திவிடும், அதனால் வெயில் குறியில் நிறுத்திவிடலாம்.

மஞ்சு விலகியதும் இன்னொரு சிக்கல். சூரிய ஆய்வுக்கூடத்தை 1899-ல் கொடைக்கானலில் தொடங்கியதற்கு இந்த உயரமும் தெளிந்த காற்றும் முக்கியக் காரணங்கள். 2,343 மீட்டரில் இருக்கும் அந்த இடத்தில் கடல் மட்டத்துக் காற்றில் முக்கால் பங்குதான் தலைக்கு மேலே இருக்கிறது. 1904-லிருந்து அங்கே சூரியனைப் படமெடுத்து வருகிறார்கள். தூசும் காற்றும் குறைந்தால் வானத்திலிருந்து சிதறி வரும் ஒளியும் குறையும், நிழலுக்குள் போய் நிரப்ப ஆளில்லை. அதனால் நடுப்பகலில் தொப்பிக்குக் கீழே முகம் கருத்துவிடும். அந்த நேரத்தில் ஆட்களை மர நிழலுக்கு அழைத்துப் போய் எடுங்கள்.

கருவியைக் காப்பதும் மலையில் தனி வேலைதான். குளிரில் திரிந்த கேமராவைச் சமையல் நடக்கும் அறைக்குள் அப்படியே கொண்டுபோனால், சூடான ஈரக்காற்று குளிர்ந்த கண்ணாடியில் பட்டு நீராகிவிடும். உள்ளே நுழையும் முன்பே ஜிப் கவரில் போட்டு மூடுங்கள், அறைச் சூட்டுக்கு வந்தபின் வெளியே எடுங்கள். ஈரம் தங்கினால் லென்ஸுக்குள் பூஞ்சை பிடிக்கும். அது விடும் அமிலம் மேல்பூச்சை அரித்தால் துடைத்தாலும் தடம் போகாது. ஈரப்பதம் 40 முதல் 50 சதவீதத்துக்குள் இருக்கும் காற்றுப்புகா டப்பாவில், சிலிக்கா ஜெல்லோடு வைப்பதே பாதுகாப்பு.

கடைசியாக எடிட்டிங். படம் திருத்தும் மென்பொருளான லைட்ரூமில், மூட்டத்தைக் குறைக்கும் டீஹேஸ் ஸ்லைடர் 2015-ல் வந்தது. அதற்கு முன்பே, 2009-ல், கைமிங் ஹீ, ஜியான் சன், ஷியாவோவூ டாங் என்ற மூவர் மூட்டத்தை நீக்க ஓர் எளிய வழியைக் கண்டுபிடித்திருந்தார்கள். தெளிவான வெளிப்புறப் படத்தில் எந்தச் சின்னச் சதுரத்தை எடுத்தாலும், வானம் நீங்கலாக, ஏதாவது ஒரு பிக்சலில் சிவப்பு, பச்சை, நீலத்தில் ஒன்று பூஜ்யத்தை ஒட்டி இருக்கும். நிழலோ, கரும்பச்சை இலையோ, அடர்ந்த நிறமோ அதற்குக் காரணமாகும். மூட்டம் விழுந்தால் அந்தப் பூஜ்யம் மேலே ஏறிவிடும். எவ்வளவு ஏறியதோ அவ்வளவு மூட்டம். அதைக் கழித்துவிட்டால் தெளிவு. அருமையான யோசனை, ஆனால் இதற்கு ஒரு பலவீனம் உண்டு. வெள்ளிநீர் அருவியோ வெள்ளைச் சுவரோ படத்தில் இருந்தால் அங்கே இயல்பாகவே பூஜ்யம் கிடையாது. அதையும் மூட்டம் என்று எண்ணிக் கறுக்க வைத்துவிடும்.

என் கருத்து, டீஹேஸைப் படம் முழுக்கப் போடாதீர்கள். திருத்தம் எங்கே விழ வேண்டும் என்று பகுதியைக் குறிக்கும் மாஸ்க் வைத்து முன்வரிசைக்கு மட்டும், அதுவும் 10, 15 அளவில் கொடுங்கள். முன்னால் இருப்பதில் தகவல் இருக்கிறது, இழுத்தால் வரும். எட்டில் ஒரு பங்கே மிஞ்சிய தூரத்தில் இழுத்தால் இரைச்சல்தான் வரும். பல எடிட்டிங் பாடங்களில் கருப்பு முழுக் கருப்பாக இருக்க வேண்டும் என்பார்கள். மஞ்சுப் படத்தின் தூரத்தில் கருப்பே கிடையாது, அங்கே அதைத் திணித்தால் நடுவில் இருந்த காற்று காணாமல் போய்விடும்.

டீஹேஸைத் தயங்காமல் தள்ளத் தகுந்த காட்சி ஒன்று இருக்கிறது. கோக்கர்ஸ் வாக்கில் சாயங்கால வெயில் முதுகில் விழ, எதிரே பள்ளத்தில் மஞ்சு நின்றால், அதன்மேல் உங்கள் நிழலும் நிழலின் தலையைச் சுற்றி நிற வளையமும் தெரியலாம். ஜெர்மனியின் ஒரு மலைச் சிகரத்தின் பெயரால் இதைப் புரோக்கன் நிழல் என்கிறார்கள். திவலைகள் ஒளியை வந்த திசைக்கே திருப்பி அனுப்புவதால் வளையம் உண்டாகிறது. பக்கத்தில் நிற்பவருக்கு அவர் தலையைச் சுற்றித்தான் வளையம். உங்கள் படத்தில் அது கேமராவின் நிழலைச் சுற்றியே விழும், எங்கே நகர்ந்தாலும் கூடவே வரும். இங்கே எடுக்க வந்த பொருள் மஞ்சிலேயே இருக்கிறது. அதன் காண்ட்ராஸ்ட் மிகக் குறைவு, அதனால் பிளஸ் 1 வைத்து ராவில் எடுத்து, வளையத்தின் மேல் மட்டும் மாஸ்க் போட்டு டீஹேஸை நிறம் தெரியும் வரை ஏற்றலாம்.