கலர்மேப்பை விடுங்கள், நார்மைப் பாருங்கள்

இந்த மாதத்தில் இது நான்காவது படம். வெப்பநிலை வழக்கத்திலிருந்து எவ்வளவு விலகியது என்று காட்டும் வரைபடம். 1 டிகிரி கூடுதலாக இருந்த ஊர்களெல்லாம் வெளிர்நீலத்தில் கிடந்தன. கொண்டுவந்த மாணவி கேட்டது: "சார், இந்தக் கலர்மேப் சரியில்ல, வேற ஒண்ணு சொல்லுங்க."

கலர்மேப் (எண்ணுக்கு நிறம் தரும் வரிசை) மேல் எந்தத் தப்பும் இல்லை. பைதானில் படம் வரையும் மாட்பிளாட்லிப் நூலகத்தில், முதலில் நார்ம் என்கிற அளவு மாற்றும் விதி உங்கள் எண்ணை 0-க்கும் 1-க்கும் இடையில் கொண்டுவருகிறது. அப்புறம்தான் கலர்மேப் அதற்கு நிறம் தருகிறது. கலர்மேப்புக்கு டிகிரியும் தெரியாது, மில்லிமீட்டரும் தெரியாது. அந்த டேட்டா −2 முதல் +6 வரை. நடு +2. நீலம்-வெள்ளை-சிவப்பு கலர்மேப்பின் நடுவில் இருக்கும் வெள்ளை அங்கே போய் விழுந்தது; +1 என்பது 0.375 ஆகி நீலப் பக்கம் நின்றது. சூடேறிய ஊர் குளிர்ந்த ஊராகிவிட்டது. பத்து கலர்மேப் மாற்றிப் பாருங்கள், 0.375 அப்படியேதான் இருக்கும்.

2017-இல் வந்த மாட்பிளாட்லிப் 2.0 பதிப்பில், நாம் எதுவும் சொல்லாதபோது தானாக வரும் கலர்மேப்பாக இருந்த ஜெட்டை மாற்றி விரிடிஸை வைத்தார்கள். மிக நல்ல காரியம். ஆனால் அது நிறத்தைத்தான் சரிசெய்தது, உங்கள் நார்மை அல்ல.

விலகலைக் காட்ட சென்டர்ட்நார்ம் என்ற நார்மைப் போடுங்கள். −6 முதல் +6 வரை எடுத்துக்கொண்டு, வெள்ளையைப் பூஜ்யத்தில் நிறுத்தும். பூஜ்யத்துக்கு இருபுறமும் தனித்தனி அளவுகோல் வைக்கும் டூஸ்லோப்நார்மும் நிறுத்தும், ஆனால் அதில் −2-இன் நீலம் +6-இன் சிவப்பு அளவுக்கே அடர்த்தியாகிவிடும். நில உயரம், கடல் ஆழம் போன்றவற்றுக்கு அதை வைத்துக்கொள்ளுங்கள்.

மழை டேட்டாவுக்கு நீங்களே லாக் (மடக்கை) எடுத்து வரையாதீர்கள். 100 மி.மீ. பெய்த இடத்துக்கு நிறப்பட்டையில் 2 என்று வரும். லாக்நார்ம் கொடுத்தால் பட்டையில் மி.மீட்டரே இருக்கும். ஆனால் அதில் பூஜ்யத்துக்கு இடமில்லை, அந்த இடம் வெறுமையாகிவிடும். மழையே பெய்யாத ஊரும் மழைமானி பழுதான ஊரும் ஒரே மாதிரி தெரியும்! இதற்கு, பூஜ்யத்துக்கு அருகில் சாதாரண அளவும் அதைத் தாண்டி லாக் அளவும் வைக்கும் சிம்லாக்நார்ம் இருக்கிறது. சாதாரண அளவு முடியும் எல்லையான அதன் லின்த்ரெஷ்ஷில், மழைமானி நம்பகமாக அளக்கும் மிகச் சிறிய அளவை வையுங்கள். டேட்டா இல்லாத இடத்துக்குச் சாம்பல் நிறம் கொடுங்கள்.

சொந்தமாக நார்ம் எழுதுபவர்களுக்கு ஒன்று: 0–1 எண்ணிலிருந்து பழைய எண்ணுக்குத் திரும்பும் தலைகீழ்ச் சார்பையும் சேர்த்தே எழுதுங்கள். எந்த நிறம் எந்த எண் என்று நிறப்பட்டை அதைக் கேட்டுத்தான் சொல்கிறது.

அப்புறம், இரண்டு ஆண்டுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைக்கிறீர்களா? மென்பொருள் ஒவ்வொரு படத்துக்கும் தனித்தனி எல்லை போட்டுவிடும். தயவுசெய்து எல்லையை நீங்களே எழுதி, ஒரே நார்மை இரண்டுக்கும் கொடுங்கள்.